பன்னிரண்டாவது நாற்காலி

சந்தியாகுவிடம் எதைக் கேட்டாலும் சரி என்பார். இது புதுப் பழக்கம். போன நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த பத்தாம் நாள், அவர் மனைவி அமலோற்பவம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து வந்த பழக்கம். அதற்கு முன்னால் அவர் லேசில் சரி சொல்கிற ஆளே இல்லை. உப்பளம் பகுதியில் அவர் குடியிருக்கும் தெருவில் கேட்டுப் பாருங்கள். மில்லில் வேலை பார்த்த காலத்தில் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று இரண்டு முறை சஸ்பெண்டு ஆன கதையைச் சொல்வார்கள். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைப்பார். அமலோற்பவமும் சளைத்தவள் இல்லை. முப்பத்தாறு வருடம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தினார்கள்.

அடக்கத்தன்று அவர் அழவில்லை. சொந்தக்காரர்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடுய்யா, உள்ளயே வச்சிக்காத" என்றார்கள். சரி என்றார். ஆனால் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய், தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி முழு ஆளும் மரத்துப்போயிருந்தார். சோறு ருசிக்கவில்லை, வெயில் உறைக்கவில்லை. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் வேலை. நாள் முழுக்க நின்று விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்திவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். முட்டி போடுவார். வாய் பாட்டுக்குச் செபம் சொல்லும்.

"ஆண்டவர் மேல கோவமா இருக்கீங்களா ஐயா?" என்று பங்குச்சாமியார் பிரகாசம் ஒருநாள் கேட்டார். சின்ன வயது, முப்பத்தைந்து இருக்கும். நல்ல மனுஷன்தான், என்ன, யாரையும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. கோபம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது. கோபப்படுவதற்காவது உள்ளே ஓர் ஆள் வேண்டும் இல்லையா?

"இல்ல சாமி," என்றார்.

அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், பன்னிரண்டு அன்பியங்கள். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்கிற கூட்டம். செபம் கால் மணி நேரம், காபியும் ஊர்க்கதையும் முக்கால் மணி நேரம். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில், சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாதம் கழுவுவார். அன்பியத்துக்கு ஒருவர். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். எடுத்த சீட்டை மாற்றுகிற பேச்சே கிடையாது. ஒரு வருடம் மூட்டு வாதக்காரர் ஒருவர் பேர் விழுந்து, அவரை நாற்காலியோடு தூக்கி வந்து பீடத்துக்கு முன்னால் இறக்கினார்கள்.

இந்த வருடம் ஏழாம் அன்பியத்தின் சீட்டில் சந்தியாகு பேர் வந்தது. அவர் சரி என்றார். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்குள் ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு மனிதர் தன் காலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றும்போது ஏதாவது உறைக்கலாம். நாலரை மாதமாக எதற்கும் அசையாத நெஞ்சு அதற்காவது அசையலாம். அதற்கும் அசையவில்லை என்றால் இனிமேல் இது இப்படித்தான் என்று முடிவு கட்டிக்கொள்ளலாம். வியாழக்கிழமைக்காக அவர் நாள் எண்ணினார். அமலோற்பவம் போனபின் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரே காரியம் அதுதான்.

இதற்கு நடுவில்தான் தேர்தல் வந்து தொலைத்தது. புனித வாரம் முடிந்த அடுத்த வாரம் ஓட்டுப்பதிவு. குருத்து ஞாயிறன்று கோயில் வாசலின் ஒரு பக்கம் தெசிரே கும்பிட்டுக்கொண்டு நின்றான், மறுபக்கம் அன்பழகன். இரண்டு பேரும் வேட்பாளர்கள்.

தெசிரே அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப் பட்டாளத்தில் இருந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அதனால் அது சொல்தா வீடு. இப்போது குடும்பம் ஊருக்கு அந்தப் பக்கம் பெரிய வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. பழைய கோயிலுக்கு அவன் வருவது கிறிஸ்துமஸுக்கும் தேர்தலுக்கும். அன்பழகன் இந்து. நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். யாரோ கொடுத்த குருத்தோலையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் பயபக்தியோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். சந்தியாகுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? வூட்ல அண்ணி எப்டி இருக்காங்க?"

"நல்லாருக்கா," என்றார் சந்தியாகு.

பக்கத்தில் நடந்த ஜெயசீலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் அன்பியத்தின் தலைவி அவள். அமலோற்பவத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். "என்னண்ணே, அவரு கேட்டதுக்கு இப்படிச் சொல்லிட்டீங்க?"

"கேட்டாரு. சொன்னேன்."

உள்ளே சேசுநாதர் பாடுபட்டு மரித்த வரலாறு வாசித்தார்கள். அன்றைய பூசையில் கூட்டத்தாரின் வசனம் சபைக்கு உரியது. சேசுவையா, கொள்ளைக்காரன் பரபாசையா, யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று ஆளுநர் பிலாத்து கேட்டதும் எல்லோரும் சேர்ந்து பரபாசை என்று கத்த வேண்டும். வருடா வருடம் அந்த இடத்தில் சந்தியாகுவுக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த வருடம் கத்தினார், அவ்வளவுதான்.

மறுநாள் ஜெயசீலி வீட்டில் அன்பியம் கூடியது. ஜெபமாலை முடிந்து காபி வரும் முன்பே பேச்சு தேர்தலுக்குத் தாவியது.

"நம்மாளு ஒருத்தர் நிக்கிறாரு. விசுவாசிக்குத்தான் விசுவாசி போடணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ஜெயசீலி.

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெலிக்ஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "விசுவாசின்னு உனக்கு எப்டித் தெரியும்? போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல பரிவட்டம் கட்டிக்கிட்டு, நெத்தியில குங்குமத்தோட நின்னான். நம்ம வாசலுக்கு வரும்போது கர்ச்சீப்ப எடுத்துத் தொடச்சிக்கிட்டான். நான் கண்ணால பார்த்தேன்."

"அது அரசியல்."

"அப்ப நம்ம கோயிலுக்கு வந்து முட்டி போடறது?"

"என் புள்ளையோட சர்டிபிகேட்டுக்கு நாலு மாசம் ஆபீசு ஆபீசா ஏறி எறங்குனேன். ஒரு நாய் என்னான்னு கேக்கல. உள்ள நம்மாளு ஒருத்தன் இருந்தா நான் இப்டி அலைஞ்சிருப்பேனா?" என்றாள் ஜெயசீலி. அவள் சொன்னதில் பொய் இல்லை.

பெலிக்ஸ் கொஞ்சம் இறங்கி வந்தார். "நேத்து வாசிச்சோமே, ஜனமெல்லாம் சேர்ந்து பரபாசைத்தானே கேட்டுச்சு? கோயிலுக்குப் போற சனம்தான் அதுவும். ஆண்டவர் நெஞ்சப் பாக்குறவரு. நமக்குத் தெரியறது நெத்தி மட்டும்தான். நான் அதத்தான் சொல்றேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்தியாகு பக்கம் திரும்பினார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"சரி," என்றார். அவர் தன் பக்கம்தான் என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஓட்டு யாருக்கு விழுந்தது என்பது இந்தக் கதையில் வராது. இது நாற்காலியைப் பற்றிய கதை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெயசீலி தெசிரேவைக் கூட்டிக்கொண்டு சந்தியாகு வீட்டுக்கு வந்தாள். தெசிரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாலை போட்டிருந்த அமலோற்பவத்தின் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். இதில் குறை சொல்ல முடியாது. அடக்கத்துக்கு மலர்வளையத்தோடு வந்தவன் அவன். அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதாவது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா எனக்கு ஞாயித்துக்கெழம மறைக்கல்வி சொல்லிக் குடுத்தவங்க மாமா," என்றான். பிறகு விஷயத்துக்கு வந்தான். "வியாழக்கெழம கால் கழுவுற எடத்துல நான் ஒக்காரலாம்னு பாக்குறேன். ஏழாம் அன்பியம் எங்க பழைய தெருவு. அதனால கேக்குறேன். ஒரு போட்டோ போதும். நம்ம சனத்துக்கு ஒரு நம்பிக்கை வரும், மத்தவங்களுக்கும் தாழ்மையான ஆளுன்னு தெரியும்."

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறவனுக்கு அதில் என்ன தாழ்மை, குனிந்து கழுவுகிறவனுக்கு அல்லவா தாழ்மை என்று பழைய சந்தியாகு கேட்டிருப்பார். கேட்டு, வாசல் வரை துரத்திக்கொண்டும் போயிருப்பார்.

"சீட்டு உங்க பேருக்குத்தான் விழுந்திச்சு, தெரியும்ண்ணே," என்றாள் ஜெயசீலி, அவர் முகத்தைப் பார்க்காமல். "அடுத்த வருசம் சீட்டே போடாம உங்களுக்குக் குடுத்துடலாம். சாமிகிட்ட கேட்டுட்டேன். அன்பியம் யார அனுப்புனாலும் சரின்னுட்டாரு."

சந்தியாகு ஜன்னலைப் பார்த்தார். வியாழக்கிழமை கையை விட்டுப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்பதும் தெரிந்தது. அதைச் சொல்ல வாயைத் திறக்கிற அளவுக்கு உள்ளே பலம் இல்லை.

"சரி," என்றார்.

புதன்கிழமை கடை வாசலில், கூட வேலை பார்க்கும் கோவிந்தராசுவிடம் இதைச் சொன்னார். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆள். கேட்டுவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"சீட்டு உனக்கு விழுந்திச்சு. கால் உன்னுது. நடுவுல அவன் யாரு?"

"எங்காளு, வேதக்காரரு."

"எங்க பக்கம் நிக்கிறவன் எங்க சாதிக்காரன். எங்காளு, எங்காளுன்னு ஊரே ஒத்தக் கால்ல நிக்குது. அவனும் உன்னப் போல நாள் முழுக்க நிக்கிறானா? நானும் நீயும்தான்யா நிக்கிறோம் இங்க."

ஒரு கார் வந்தது. இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. நாற்காலி இல்லை என்று ஆன பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்து உடுத்த வேண்டிய அவசியம் இல்லை. நேராகக் கோயிலுக்குப் போய், நீலச் சீருடையும் கறுப்பு பூட்ஸுமாகப் பின்வாசல் தூணை ஒட்டி நின்றுகொண்டார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தது. பதினொரு பேர் வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் சிவப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

பிரசங்கம் முடியும் நேரத்தில் வாசலில் சலசலப்பு. தேர்தல் பறக்கும் படையின் வண்டி எதிர்ச்சாரியில் வந்து நின்றிருந்தது. வழிபாட்டுத் தலத்துக்குள் பிரசாரம் நடக்கப்போகிறது என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். வீடியோக்காரர் ஒருவர் இறங்கி கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டார். தெருமுனை வரை வந்த தெசிரேவின் கார் அங்கேயே நின்றுவிட்டது. ஜெயசீலியின் போன் முணுமுணுத்தது. அவள் முக்காட்டுக்குள் பேசிவிட்டு, வெளிறிய முகத்தோடு எழுந்து பின்வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, அவரு வரல. நீங்க போயி ஒக்காருங்க. சீக்கிரம்."

"இப்டியேவா?"

"எப்டியாவது போங்கண்ணே, சாமி எறங்கிட்டாரு."

நடுப்பாதையில் பூட்ஸ் சத்தத்தோடு அவர் நடந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. சாமியார் பதினொரு பேரையும் முடித்துவிட்டு வந்து காத்திருந்தார், பாடகர்களும் பாட்டைத் திரும்ப முதலிலிருந்து எடுத்தார்கள். ஒரு வழியாக முடிச்சு அவிழ்ந்தது. ஓட்டை விழுந்த காலுறையைக் கழற்றியபோது கிளம்பிய வாடை பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கு வரை போயிருக்கும். நகத்தில் அழுக்கு. குதிகாலில் பித்தவெடிப்பு, பாளம் பாளமாக.

சாமியார் முட்டி போட்டு அவர் காலைப் பிடித்தார். சந்தியாகு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சாமி. ரொம்ப அழுக்கு."

"மத்தவங்கல்லாம் வீட்லயே கழுவிட்டு வந்துட்டாங்க ஐயா," என்றார் சாமியார் தணிந்த குரலில். "நீங்கதான் எனக்கு வேலை குடுக்குறீங்க. கொடுங்க." பிறகு இன்னும் தணித்து, "அந்தாளுக்கு முடியாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிக்குங்க" என்றார்.

தண்ணீரை ஊற்றினார். வாசனைக்காக, கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து விட்டிருந்தார். அது வெடிப்புக்குள் இறங்கியது. சுரீர் என்று எரிந்தது. சந்தியாகுவுக்குப் பல் கிட்டித்தது. நாலரை மாதத்தில் அவருக்கு உறைத்த முதல் சங்கதி அதுதான். வேறெதுவும் நடக்கவில்லை; வானம் திறக்கவில்லை. தாம்பாளத்தில் தண்ணீர் கறுப்பாகத் தேங்குவதைப் பார்த்தார். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே, எங்கிருந்து என்று தெரியாமல், கோபம் வந்தது. தெசிரே மேல் முதலில். பிறகு ஜெயசீலி மேல். கடைசியில் தன் மேல்தான் முழுக்க. நமக்கென்று இருந்ததே இது ஒன்றுதானே, அதையும் வாயைத் திறக்காமல் தூக்கிக் கொடுத்தோமே என்று நினைத்தார். பூசை முடியும் வரை கால் எரிந்துகொண்டேயிருந்தது.

வெளியே பறக்கும் படையின் வண்டி போய்விட்டிருந்தது. கோயில் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில், சட்டப்படி சரியான இடத்தில், தெசிரே கும்பிட்டபடி நின்றான். கூட ஒரு பையன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சந்தியாகு பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார்.

"மெர்சி மாமா," என்று சொல்தா வீட்டுப் பிரெஞ்சில் நன்றி சொன்னான் தெசிரே. "நல்லவேளை, என் எடம் காலியா போவாம நீங்க ஒக்காந்தீங்க."

"உன் எடம் இல்ல."

அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி ஜெயசீலி நாலரை மாதமாகக் கேட்டதில்லை. "அண்ணே," என்று சட்டையைப் பிடித்தாள். அவர் கேட்கவில்லை.

"அது என் எடம். சீட்டு எனக்கு விழுந்திச்சு."

"சரிங்க மாமா, யாரு இல்லன்னாங்க?" தெசிரே சிரித்துச் சமாளித்தான். குரலை இறக்கி, தோளில் கை வைத்தான். "அக்கா இருந்திருந்தா இன்னிக்கி எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாங்க."

"அவ இருந்திருந்தா நான் உனக்குக் குடுத்திருக்கவே மாட்டேன்டா. ரெண்டு பேரும் சேர்ந்து உன்னத் தொரத்தியிருப்போம்." சந்தியாகுவுக்கு மூச்சு வாங்கியது. "அவ செத்துட்டா. அதனாலதான் நீ கேட்டதும் குடுத்தேன். அவ செத்துட்டா."

அந்த வார்த்தையை அவர் இதுவரை வாயால் சொன்னதில்லை. சொன்னதும் வாய் கோணிக்கொண்டது. பூட்ஸ் கையிலிருந்து விழுந்தது. மரத்துப்போயிருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் வலித்தது. போன் வைத்திருந்த பையன் என்ன செய்வது என்று தெரியாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். தெசிரேவின் கை இன்னும் தோளில் இருந்தது. சந்தியாகு அதைத் தட்டிவிட்டு, ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து, "ஐயோ அமலா" என்று ஊர் கேட்க அழுதார்.